டப்பா மூடிச் சத்தத்துக்கு ஓடிவரும் மணி, நீங்கள் கூப்பிட்டால் ஏன் வருவதில்லை?

திருச்சியிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடியவற்றை நீக்கிச் சுருக்கித் தருகிறேன். நாயின் பெயரையும் மாற்றியிருக்கிறேன்.

அவர் வேலைக்குப் போகிறவர். கணவருக்கு வெளியூர் வேலை, மாதம் இரண்டு முறைதான் வீட்டுக்கு வருகிறார். வீட்டில் மாமியார், கொழுந்தனார், ஒன்பது வயது மகன். மகன் ஆசைப்பட்டான் என்று விருதுநகர் பக்கத்து உறவினரிடமிருந்து சிப்பிப்பாறை என்ற நாட்டு இன ஆண் குட்டி ஒன்றை வாங்கி வந்தார்கள். இரண்டு மாதக் குட்டியாக வந்த மணிக்கு இப்போது எட்டு மாதம். காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை மாடிப்படிக்குக் கீழே சங்கிலியில் கிடக்கிறது. அவிழ்த்துவிட்டால் ஆள்மேல் தாவுகிறது. செருப்பைக் கவ்வினால் விடுவதில்லை. கூப்பிட்டால் நின்று பார்க்கிறது, கிட்ட வருவதில்லை. சென்ற மாதம் கேட் திறந்திருந்த நேரத்தில் தெருவுக்கு ஓடிவிட்டது. முக்கால் மணி நேரம் துரத்தியும் பிடிக்க முடியவில்லை. கடைசியில் தானாகவே வாலை ஆட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றது. கொழுந்தனார் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டு விளக்குமாற்றுக் கட்டையால் அடித்திருக்கிறார். போன வாரம், சாப்பிடும்போது தட்டில் கைவைத்த மகனைப் பார்த்து உறுமியிருக்கிறது.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. "நாட்டு நாய்க்கு இதெல்லாம் ஏறாது, லேப்ரடார் வாங்கியிருக்கணும்" என்கிறார் மாமியார். "யார் எஜமான்னு காட்டினாத்தான் அடங்கும்" என்கிறார் கொழுந்தனார். பக்கத்து வீட்டுக்காரர் ஆன்லைனில் கிடைக்கும், கழுத்தில் மின் அதிர்ச்சி தரும் ஷாக் காலரைச் சொல்கிறார். ஒரு பயிற்சியாளர், ஒரு மாதம் தன்னிடம் கொண்டுவந்து விடச் சொல்கிறார். "தப்பு செய்தது தெரிந்துதான் காதை மடக்கிக்கொண்டு நிற்கிறது. தெரிந்தே செய்கிற நாயை எப்படித் திருத்துவது? எட்டு மாதம் ஆன பிறகு இனிமேல் கற்றுக்கொள்ளுமா? கிராமத்துக்கே திருப்பி அனுப்பிவிடலாமா?" என்று கேட்கிறார் வாசகி. நடுவே புகாராக ஒரு வரியும் எழுதியிருக்கிறார்: "மாமியார் பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் மட்டும் எங்கிருந்தாலும் ஓடிவந்துவிடுகிறது."

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் நம்பிக்கை தந்தது அந்தப் புகார்தான். மணிக்குக் காது கேட்கிறது. ஒரு சத்தத்துக்கு ஓடிவர வேண்டும் என்று கற்றுக்கொள்ளும் புத்தி இருக்கிறது. செய்துகொண்டிருக்கிற வேலையை விட்டுவிட்டு வரவும் தெரிகிறது. யாருமே உட்கார்ந்து பயிற்சி கொடுக்காமல், உங்கள் மாமியார் ஒரு டப்பாவை வைத்தே இவ்வளவையும் கற்றுக்கொடுத்திருக்கிறார். அந்த மூடி திறந்த ஒவ்வொரு முறையும் நல்லதே நடந்திருக்கிறது. "மணி, வா" என்ற சத்தத்துக்குப் பின்னால் என்னவெல்லாம் நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். சங்கிலி, குளியல், வாயைப் பிளந்து மாத்திரை, ஒருநாள் விளக்குமாற்றுக் கட்டை.

அன்று அடி வாங்கியபோது மணி என்ன கற்றுக்கொண்டது? ஓடியதற்கும் அடிக்கும் நடுவில் முக்கால் மணி நேரம் இருக்கிறது. நாய் ஒரு செயலையும் அதன் பலனையும் முடிச்சுப் போடுவது ஓரிரு நொடிக்குள். அடி விழுவதற்கு முந்தைய நொடியில் அது செய்தது வீட்டுக்குத் திரும்பி வந்ததுதான். 'வாசலுக்கு வந்தால் அடி' என்பதுதான் அதன் மனதில் பதிந்திருக்கும். கொழுந்தனாரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நாய் வண்டியில் அடிபட்டுவிடுமோ என்ற பயத்தில் முக்கால் மணி நேரம் ஓடிய மனிதர் அவர். அந்தப் பயம்தான் கோபமாக வந்திருக்கிறது. ஆனால் மணிக்கு அது தெரிய வழியில்லை.

காதை மடக்கிக்கொண்டு நிற்பதைக் குற்ற உணர்வு என்று நினைக்கிறீர்கள். அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் இதைச் சோதித்து எழுதினார். தின்னக்கூடாது என்று சொன்ன தின்பண்டத்தைத் தின்ற நாய், தின்னாத நாய் இரண்டுமே, உரிமையாளர் திட்டும்போது அதே முகத்தைக் காட்டின. உண்மையில் தப்பு செய்ததா என்பதற்கும் அந்த முகத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. உங்கள் முகத்தையும் குரலையும் பார்த்துப் பயந்து ஒடுங்குவதுதான் அது.

'யார் எஜமான் என்று காட்ட வேண்டும்' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்கிறேன். 1947-இல் ருடால்ஃப் ஷென்கெல் என்பவர் சுவிட்சர்லாந்தின் பாசெல் விலங்குக் காட்சிசாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைக் கவனித்து எழுதினார். அங்கே அவை தலைமைக்காக ஓயாமல் சண்டையிட்டன. அதையே நாய்க்கும் பொருத்திவிட்டார்கள். பிறகு டேவிட் மீச் என்ற ஆய்வாளர் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் பல கோடைகள் காட்டு ஓநாய்களோடு கழித்துவிட்டு, ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய் தகப்பனும் பிள்ளைகளும் கொண்ட குடும்பம்தான் என்று 1999-இல் எழுதினார். தலைமைக்கான சண்டையில் ஜெயித்த 'ஆல்ஃபா' என்ற கருத்தைப் பரப்பியதில் தன் பழைய எழுத்துக்கும் பங்குண்டு என்று அவரே முன்வந்து திருத்தினார். ஓநாய்க்கே பொருந்தாத கணக்கை வைத்து உங்கள் வீட்டுக் குட்டியை அடிக்க வேண்டியதில்லை.

மாமியாருக்கும் ஒரு வார்த்தை. நாட்டு இனத்துக்குப் பயிற்சி ஏறாது என்பது உண்மையில்லை. கர்நாடகத்தின் முதோல் நாய், சிப்பிப்பாறையைப் போலவே பார்வையால் இரையைக் கண்டு துரத்தும் இனம். அவற்றை மீரட்டில் உள்ள இராணுவக் கால்நடை மையத்தில் வேலைக்குப் பழக்கினார்கள். லேப்ரடார் மனிதனோடு சேர்ந்து, அவன் கையைப் பார்த்து வேலை செய்யப் பிறந்தது. சாப்பாட்டுக்காக எதையும் செய்யும். சிப்பிப்பாறை கரிசல் காட்டில் முயலைக் கண்டதும் தானே முடிவெடுத்துப் பாயப் பிறந்தது. உங்கள் தெருவில் முயல் இல்லை, பூனையும் அணிலும் இருக்கின்றன. ஆகவே இதற்குப் பொறுமை கொஞ்சம் கூடுதலாக வேண்டும், அடி சுத்தமாக ஆகாது. எட்டு மாதம் என்பது மனிதர்களில் விடலைப் பருவம் மாதிரி. குட்டியில் கேட்ட பேச்சைக்கூட இப்போது காதில் வாங்காது. தாமதம் ஆகிவிடவில்லை, எட்டு வயது நாய்கூடக் கற்றுக்கொள்ளும்.

பத்து மணி நேரச் சங்கிலி

கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் இதைத்தான் சரிசெய்ய வேண்டும். ஓடுவதற்கென்றே கால்கள் அமைந்த ஒரு நாய், நாளெல்லாம் படிக்குக் கீழே கிடந்தால் அவிழ்த்த நிமிடம் தாவாமல் என்ன செய்யும்? 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் 11-ஆவது பிரிவு இருக்கிறது. அளவுக்கு மீறிக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டி வைப்பதும், வழக்கமாகக் கட்டியே வைத்திருக்கும் நாய்க்குப் போதிய நடமாட்டம் கொடுக்காமல் விடுவதும் அதன்படி குற்றம். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நம் வீடுகளில் இது பழக்கமாகவே ஆகிவிட்டதால் பலருக்குத் தெரிவதில்லை.

காலை ஐந்தரைக்கு முப்பது நாற்பது நிமிடம், மாலை வெயில் இறங்கிய பிறகு அதே அளவு நடை. திருச்சி வெயிலில் தார்ச்சாலை சூட்டைப் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களால் சில நொடி தாங்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. வாரம் இரண்டு மூன்று நாள் சுற்றுச்சுவர் உள்ள இடம் கிடைத்தால் ஓடவிடுங்கள். நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் ஒரு அறையிலோ கிரில் போட்ட வராந்தாவிலோ சங்கிலி இல்லாமல் இருக்கட்டும். மத்தியானம் ஒரு வேளைச் சாப்பாட்டைத் தட்டில் வைக்காமல் பழைய துண்டில் சுருட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள். மோந்து மோந்து பிரித்துத் தின்னும். அந்த அரை மணி நேர மூளை வேலை நல்ல நடைக்குச் சமம். மொட்டைமாடியில் மட்டும் விட வேண்டாம், கைப்பிடிச் சுவரைச் சாதாரணமாகத் தாண்டிவிடும்.

இன்னொன்று. சிப்பிப்பாறைக்குத் தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே பருமன். கடையில் வாங்கும் சாதாரணப் பட்டை, பின்னோக்கி இழுத்தால் தலை வழியாக உருவிக்கொண்டு வந்துவிடும். மார்பைச் சுற்றி வரும் ஹார்னெஸ் வாங்குங்கள்.

கூப்பிட்டால் வருவதற்கு

"மணி, வா" என்ற சொல் கெட்டுப்போய்விட்டது. அதைத் தேற்றுவதைவிடப் புதிதாக ஒன்றைத் தொடங்குவது சுலபம். ஒரு பிளாஸ்டிக் விசில் வாங்கி வாசலுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டுங்கள். விசிலைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குரலில் கோபம் தெரிந்துவிடும், விசிலில் தெரியாது. உங்கள் வீட்டில் நான்கு பேர் நான்கு விதமாகக் கூப்பிடுகிறீர்கள். யார் ஊதினாலும் விசில் ஒன்றுதான். மகன் அதை விளையாட்டுக்கு ஊதக்கூடாது, அவ்வளவுதான்.

முதல் மூன்று நாள் மணி உங்கள் காலடியிலேயே நிற்கும்போது மெதுவாக ஊதுங்கள், உடனே வாயில் ஒரு துண்டு. அது எதுவும் செய்ய வேண்டியதில்லை. நாளைக்குப் பத்து முறை, மொத்தமாக இல்லாமல் அங்கங்கே பிரித்து. வேகவைத்த கோழி, ஈரல் அல்லது முட்டை, கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்கினால் போதும். செவ்வாய், வெள்ளி வீட்டில் கவிச்சி புழங்காது என்று எழுதியிருந்தீர்கள். அந்த நாளில் பனீர். பாயசத்துக்கு எடுத்து வைத்த திராட்சை, சாக்லேட், வெங்காயம் சேர்த்த எதையும் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு நஞ்சு.

விசில் சத்தம் கேட்டதும் அது உங்கள் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தால் அடுத்த அறையிலிருந்து ஊதலாம். பிறகு வராந்தா. அதற்கும் பிறகு, பத்து மீட்டர் கயிற்றை ஹார்னெஸில் கட்டி மைதானத்தில். கழுத்தில் கட்டாதீர்கள், பாய்ந்த வேகத்தில் கயிறு முடியும்போது கழுத்தெலும்பு அடிபடும். உங்கள் கையிலும் கயிற்றைச் சுற்றிக்கொள்ளாதீர்கள்.

ஒவ்வொரு முறை வந்ததும் ஹார்னெஸை ஒரு தடவை தொட்டுவிட்டு, துண்டைக் கொடுத்து, திரும்பப் போக விட்டுவிடுங்கள். பத்தில் ஒன்பது முறை அப்படித்தான் இருக்க வேண்டும். வந்தால் விளையாட்டு முடிந்துவிடும் என்று அது நினைக்கக்கூடாது. குளிப்பாட்ட, மருந்து கொடுக்க, உள்ளே அடைக்க விசில் வேண்டாம். நீங்களே போய் அழைத்து வாருங்கள்.

கூப்பிடும் உடம்பும் முக்கியம். என்னிடம் வந்த ஒரு பெரியவர், கன்னி என்ற நாட்டு இன நாய் ஒன்றை வாசலில் நின்று "வா, வாங்கிறேன்ல!" என்று முன்னால் குனிந்து கத்திக்கொண்டிருந்தார். அது ஒவ்வொரு 'வா'வுக்கும் ஒரு அடி பின்னால் போனது. அவரைப் பக்கவாட்டில் திரும்பிக் குந்தி உட்காரச் சொன்னேன், பேசாமல். அரை நிமிடம் ஆகியிருக்கும். நாய் வந்து அவர் வேட்டி நுனியை மோந்தது, பிறகு முழங்கால்மேல் தாடையை வைத்தது. அவர் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளாக அது தன்னை மதிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருநாள் கேட்டைத் தாண்டி ஓடினால் துரத்தாதீர்கள். துரத்துவது அதற்கு விளையாட்டு, ஓட்டத்தில் நீங்கள் ஜெயிக்கப்போவதும் இல்லை. எதிர்ப்பக்கம் ஓடுங்கள், குந்துங்கள், மாமியாரை டப்பாவோடு வரச் சொல்லி மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். எப்போது வந்தாலும், எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும், கை நிறையக் கொடுங்கள்.

உட்கார், இரு, விடு

நாய்க்குச் சொல்லும் சொல்லை நாள் முழுக்க மனிதர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தால் அதற்குக் குழப்பம். நம் வீட்டில் "இரு வர்றேன்", "கொஞ்சம் இரு", "சும்மா இரு" என்று ஒரு நாளில் எத்தனை முறை! ஆகவே 'இரு' என்பதற்கு வாய்ச்சொல்லை நம்பாமல் உள்ளங்கையை விரித்துக் காட்டும் சைகையைப் பழக்குங்கள். "குதிக்காதே", "போகாதே" என்பதும் அப்படித்தான். கடைசியில் வரும் 'ஆதே' நாய்க்குப் புரியாது. 'குதி', 'போ' என்ற முன்பாதிதான் காதில் விழும். செய்யக்கூடாததைச் சொல்வதைவிடச் செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள்.

உட்காரப் பழக்க, கோழித் துண்டை மூக்குக்கு நேராக வைத்து மெல்ல மேலே, பின்பக்கமாகக் கொண்டுபோங்கள். தலை நிமிரும்போது பின்பகுதி தானே தாழும். தரையைத் தொட்ட அந்த நொடியில் "சபாஷ்" என்று சொல்லி உடனே கொடுத்துவிடுங்கள். முதுகை அழுத்தி உட்கார வைக்க வேண்டாம். மணி போன்ற சதைப்பிடிப்பில்லாத நாய்க்கு வெறும் டைல்ஸ் தரையில் உட்காருவது வலிக்கும். ஒரு சாக்கோ மிதியடியோ விரித்துப் பழக்குங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும், ஒரு நாளில் மூன்று தடவை. அது வெற்றியோடு இருக்கும்போதே நிறுத்துங்கள்.

ஆள்மேல் தாவினால் கத்தாமல், தள்ளாமல், முதுகைத் திருப்பிக்கொள்ளுங்கள். நான்கு காலும் தரையில் பட்டதும் பேசுங்கள், தடவுங்கள். வீட்டில் ஒருவர் மட்டும் செல்லமாகத் தாவவிட்டாலும் பழக்கம் போகாது. செருப்பைக் கவ்வினால் பிடுங்காதீர்கள். "விடு" என்று ஒருமுறை சொல்லி, அதைவிட நல்ல ஒன்றை மூக்கருகே நீட்டி மாற்றிக்கொள்ளுங்கள். அப்படியே செருப்பை எட்டாத இடத்தில் வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

கேட்டுக்கும் இதே முறைதான். உள்ளங்கையைக் காட்டி, கேட்டை ஒரு விரல் அளவு திறங்கள். எழுந்தால் மூடிவிடுங்கள், உட்கார்ந்திருந்தால் ஒரு துண்டு. இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும். அதுவரை கேட்டுக்கு உள்ளே இரண்டாவது கொக்கி ஒன்று போட்டுவிடுங்கள். உங்கள் கவனக்குறைவால் நாய் யாருக்காவது ஆபத்து விளைவித்தால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 291-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

உறுமியது பற்றி

மற்ற எதையும் மெதுவாகச் செய்யலாம். இதை இன்றே கவனியுங்கள். உறுமலுக்காக அதை அடித்துவிடாதீர்கள். உறுமல் என்பது "எனக்குப் பயமாக இருக்கிறது, தள்ளிப் போ" என்று நாய் தரும் முன்னறிவிப்பு. அடித்தால் உறுமலை மட்டும்தான் நிறுத்தும். அடுத்த முறை அறிவிப்பே இல்லாமல் கடிக்கும்.

மணி சாப்பிடும் இடத்துக்கு உங்கள் மகன் போகவே கூடாது என்று விதி வையுங்கள். நீங்களோ மாமியாரோ, அது சாப்பிடும்போது நாலடி தள்ளி நடந்து போகும் வழியில் தட்டுப் பக்கம் ஒரு கோழித் துண்டைப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விடுங்கள். மனிதர் கிட்ட வந்தால் தட்டில் கூடுகிறது, குறைவதில்லை என்று அதற்குப் புரிய வேண்டும். தட்டை எடுத்து எடுத்து வைத்துப் பழக்குவது என்று சிலர் செய்வது, இருக்கிற சந்தேகத்தை வளர்க்கத்தான் உதவும். இந்த வாரமே ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காதில் சீழ், பல்வலி, அன்று வாங்கிய அடியில் உள்காயம் என்று வலி இருந்தாலும் நாய் உறுமும்.

வெறிநாய்த் தடுப்பூசி போட்ட அட்டை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் தேதியில் அடுத்தது, அதன் பின் ஆண்டுதோறும். எப்போதாவது பல் பட்டுக் கீறினால்கூட, ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். நம் வீட்டு நாய்தானே, ஊசி போட்டிருக்கிறோமே என்று வீட்டில் இருந்துவிடக்கூடாது.

காலரும் பயிற்சியாளரும் கிராமமும்

ஷாக் காலர் வேண்டாம். பூனையைப் பார்க்கும்போது கழுத்தில் சுரீர் என்றால், பூனையோ, பக்கத்தில் நின்ற உங்கள் மகனோதான் அதற்குக் காரணம் என்று நாய் நினைக்கக்கூடும். ஏற்கெனவே உறுமிய நாய்க்கு அது தீயில் எண்ணெய். வேல்ஸ் நாடு 2010-இலேயே அதைத் தடை செய்துவிட்டது.

பயிற்சியாளர் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு மாதம் அவரிடம் விட்டால் மணி அவர் பேச்சைக் கேட்கக் கற்றுக்கொண்டு வரும். வீட்டில் கூப்பிடும் முறை மாறாது. வீட்டுக்கு வந்து உங்களுக்குக் கற்றுக்கொடுப்பவராகப் பாருங்கள். "நாய் சொன்னதைச் செய்யாவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். அந்தப் பதிலில் எல்லாம் தெரிந்துவிடும். நீங்கள் கூட இருந்து பார்க்கக்கூடாது என்று சொல்பவரிடம் விடாதீர்கள்.

கிராமத்துக்கு அனுப்புவது பற்றி நீங்கள் வெட்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. பராமரிக்க மனமும் இடமும் உள்ள ஒருவர் கேட்டு வாங்கிக்கொண்டால் அது தவறல்ல. தெருவிலோ எங்கோ ஓரிடத்திலோ விட்டுவிட்டு வருவதுதான் நான் சொன்ன அதே 11-ஆவது பிரிவில் குற்றமாகிறது. என் கருத்தைக் கேட்டால், மூன்று மாதம் பாருங்கள் என்பேன். அதற்குள் மகனின் பாதுகாப்பு பற்றிய பயம் குறையவில்லை என்றால், நல்ல இடம் தேடிக் கொடுப்பதும் அந்த நாய்க்குச் செய்யும் உதவிதான்.

இன்று மாலை சங்கிலியை அவிழ்த்த பிறகு, கோழிக் கிண்ணத்தோடு முதலில் உட்கார வேண்டியவர் உங்கள் கொழுந்தனார். மணி அதிகம் பயப்படுவது அவருக்குத்தான். கூப்பிட வேண்டாம், கையை நீட்ட வேண்டாம். பக்கவாட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டாகத் தனக்கு நான்கு அடி தள்ளிப் போடட்டும். அடுத்த நாள் மூன்று அடி. அது தானாக வந்து அவர் கையிலிருந்து எடுக்கும் நாளில் எனக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.